அம்மாவின் பட்டினி என் பிள்ளைக்கும் வருமா?

கேள்வி: டொக்டர், நான் கோண்டாவிலில் இருக்கிறேன். மூன்று மாதக் கர்ப்பிணி, இது முதல் பிள்ளை. அப்பாவுக்கு 42 வயதிலேயே சலரோகம் வந்தது, போன வருடம் கால் விரல் இரண்டை எடுத்துவிட்டார்கள். என் கணவர் எனக்குச் சொந்த மச்சான், அம்மாவின் அண்ணாவின் மகன். அந்த மாமாவுக்கும் சலரோகம். 95இல் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தபோது அம்மா என்னை ஐந்து மாதம் வயிற்றில் வைத்துக்கொண்டு மீசாலைக்கு நடந்து போனவ. அங்கே ஒழுங்கான சாப்பாடு இல்லை. 96 மார்ச்சில் நான் பிறந்தபோது நிறை 2 கிலோ 100 கிராம்தானாம். போரும் பட்டினியும் மரபணுவில் பதிந்து மூன்று தலைமுறைக்குப் போகும் என்று யூடியூப்பில் ஒருவர் சொன்னதை அம்மாவும் பார்த்துவிட்டா. அன்றிலிருந்து "என்னாலதான் உனக்கு, இனி உன்ர பிள்ளைக்கும்" என்று அழுதுகொண்டிருக்கிறா. என் பிள்ளைக்கும் இது வருமா? இந்தியாவுக்குப் போய் ஜீன் டெஸ்ட் செய்து பார்க்கட்டுமா?

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

முதலில் அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், இதை அவவுக்கு வாசித்துக் காட்டுங்கள். மீசாலையில் அவ பட்டினி கிடந்ததால் பேரப்பிள்ளைக்குச் சலரோகம் வரும் என்று சொல்ல எந்த மருத்துவரிடமும் ஆதாரம் இல்லை. அந்த ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு நானும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவள்தான். பள்ளிக்கூடப் பிள்ளை அப்போது. வலிகாமம் முழுக்க அந்த ஒற்றை வீதியில் நிற்கிறது, நகர இடமில்லை, மழை பெய்கிறது, தாகத்துக்குக் குடையை மல்லாத்திப் பிடித்து அந்தத் தண்ணீரைக் குடித்தோம். அந்தச் சனத்துக்குள் எத்தனை பிள்ளைத்தாச்சிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. அப்படி நடந்து உங்களைப் பெற்றெடுத்தவவை, முப்பது வருடத்துக்குப் பிறகு ஒரு வீடியோ குற்றவாளிக் கூட்டில் ஏற்றுகிறது என்றால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சரி, இனி உங்கள் கேள்வி. பரம்பரை என்று நாங்கள் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் உங்கள் கடிதத்துக்குள் ஒன்றுக்கொன்று வேறான சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. அப்பாவின் சலரோகம் ஒன்று, அம்மாவின் பட்டினி வேறொன்று, மச்சானைக் கட்டியது இன்னொன்று. இவற்றோடு நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றும் இருக்கிறது, எனக்குப் பெரிய கவலை அதுதான்.

அப்பாவில் தொடங்குவோம். நடுவயதில் வரும் இந்த இரண்டாம் வகைச் சலரோகம் பரம்பரையில் ஓடுவது உண்மை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வாழ்நாளில் எப்போதாவது வரும் வாய்ப்பு 100க்கு 40 அளவில் என்றும், இருவருக்கும் இருந்தால் 70ஐ நெருங்கும் என்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. ஆனால் அது ஒரு மரபணுவின் வேலை இல்லை. பள்ளிக்கூடத்தில் பரம்பரையலகு என்று படித்திருப்பீர்கள், அதில் சலரோகத்தோடு தொடர்புள்ள இடங்கள் 400க்கும் மேல் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒவ்வொன்றும் துளித்துளியாகத்தான் பாரத்தைக் கூட்டுகிறது. பரவலாகக் காணப்படுபவற்றில் வலுவானது என்று 2006இல் கண்டுபிடிக்கப்பட்ட டிசிஎஃப்7எல்2 என்ற மரபணு வேறுபாடுகூட, ஒரு பிரதி இருந்தால் வாய்ப்பை ஏறத்தாழ 1.4 மடங்காக்குகிறது, அவ்வளவுதான். அதனால் இந்தியாவுக்குப் போய்ப் பெரிய காசு கொடுத்து ஜீன் டெஸ்ட் செய்தாலும், அப்பாவுக்குச் சலரோகம் என்ற ஒரு வரியில் எனக்கு ஏற்கனவே தெரிந்ததைத்தான் அது திருப்பிச் சொல்லும். அந்தக் காசைப் பிள்ளைக்கு வைத்திருங்கள். ஒரு வீட்டில் 25 வயதுக்கு முன்பே, மெலிந்த உடம்பில், தலைமுறை தவறாமல் சலரோகம் வந்துகொண்டிருந்தால் அது ஒற்றை மரபணுவால் வரும் வேறு வகையாக இருக்கலாம். அங்கே டெஸ்டுக்குப் பயன் உண்டு, சிலரை ஊசியிலிருந்து குளிசைக்கு மாற்றக்கூட முடியும். அப்பாவுக்கு 42இல் வந்தது அந்தக் கணக்கில் சேராது.

அடுத்து அம்மாவின் பட்டினி. வீடியோவில் சொன்ன எபிஜெனெட்டிக்ஸ், அதாவது மரபணு அப்படியே இருக்க அது வேலை செய்யும் விதம் மட்டும் மாறுவது, கட்டுக்கதை இல்லை, நல்ல விஞ்ஞானம், அதை இழுத்த இழுப்புத்தான் பிழை. எங்கள் ஊர்த் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீர் வாய்க்காலில் ஓடி வரும், வெங்காயப் பாத்தியோ மிளகாய்ப் பாத்தியோ எதற்குத் தண்ணீர் வேண்டுமோ அதன் வாயைத் திறந்துவிட்டு, மற்றப் பாத்தியின் வாயை மண்வெட்டியால் மண் இழுத்து மறிப்பார்கள். பாத்திகள் அப்படியேதான் இருக்கும், எது குடிக்கிறது எது காய்கிறது என்பதை அந்தப் பிடி மண் தீர்மானிக்கிறது. மரபணுக்கள் பாத்தி என்றால், மெதைல் என்று ஒரு சின்னஞ்சிறு இரசாயனக் குழு, ஒரு காபனும் மூன்று ஐதரசனும், அந்த மண்ணைப் போல டிஎன்ஏயில் போய் ஒட்டி மரபணுவை அடக்கிவைக்கிறது. ஈரல் கலமும் மூளைக் கலமும் ஒரே டிஎன்ஏயை வைத்துக்கொண்டு வேறு வேறு வேலை பார்ப்பது இப்படித்தான். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குச் சாப்பாடு குறைந்தால் இந்த மண் சில இடங்களில் மாறி விழலாம் என்பதும் சரி.

இதற்கு எல்லோரும் எடுத்துக்காட்டுவது ஒல்லாந்தின், அதாவது நெதர்லாந்தின், பஞ்சம். 1944 கடைசியிலிருந்து 1945 மே வரை, ஜெர்மன் படை உணவை மறித்த அந்தக் குளிர்காலத்தில், ஒரு நாளைய பங்கீடு 1000 கலோரிக்கும் கீழே போனது. அப்போது வயிற்றில் இருந்த பிள்ளைகளைப் பிற்காலத்தில் தேடிப் பிடித்துப் பரிசோதித்தார்கள். ஐம்பது வயதில் அவர்களின் உடம்பு சீனியைக் கையாளும் திறன் குறைந்திருந்தது. 2008இல் இன்னொரு குழு, கருத்தரித்த காலத்திலேயே பஞ்சத்தில் அகப்பட்ட 60 பேரை அவர்களின் கூடப்பிறந்தவர்களோடு ஒப்பிட்டு, வளர்ச்சிக்கு உதவும் ஐஜிஎஃப்2 என்ற மரபணுவில் மெதைல் குறைந்திருப்பதைக் கண்டது, அறுபது வருடத்துக்குப் பிறகும். பெரிய கண்டுபிடிப்புத்தான். ஆனால் கர்ப்பத்தின் பிற்பகுதியில் பஞ்சத்தைக் கண்டவர்களிடம் அதே இடத்தில் அந்த வேறுபாடு இல்லை. வீடியோக்காரர்கள் இதைச் சொல்வதே இல்லை. உங்கள் அம்மா ஐந்தாம் மாதத்தில் நடந்தவ. ஒரு பஞ்சத்தில் ஒரு காலகட்டத்தில் ஒரு மரபணுவில் கண்டதை எடுத்து எல்லாப் போருக்கும் எல்லாத் தாய்க்கும் ஒட்டக்கூடாது.

ரஷ்யாவின் லெனின்கிராட் கதையையும் சேர்த்துக் கேளுங்கள், நான் கிளினிக்கில் அடிக்கடி சொல்வது. 1941 செப்டெம்பரிலிருந்து 1944 ஜனவரி வரை முற்றுகையிலிருந்த நகரம், ஒல்லாந்தைவிடக் கொடிய பட்டினி. அங்கே வயிற்றில் இருந்த பிள்ளைகளை நடுவயதில் பார்த்தபோது, பட்டினியோடு பிறந்தவர்களுக்குச் சீனிப் பிரச்சினை கூடுதலாக இருக்கவில்லை. ஆராய்ச்சியாளர்கள் ஊகித்த காரணம் என்ன தெரியுமா? ஒல்லாந்தில் பஞ்சம் முடிந்ததும் சாப்பாடு தாராளமாக வந்துவிட்டது, லெனின்கிராட்டில் பிறந்த பிறகும் வருடக்கணக்கில் இல்லாமைதான். குறைவுக்குத் தயாரான உடம்புக்குப் பிறகு நிறைவு வந்து சேரும்போதுதான் சிக்கல் என்பது அவர்களின் எண்ணம். எங்கள் சனத்தைப் பார்க்கும்போது எனக்கு இது மனதில் தட்டுகிறது. பொருளாதாரத் தடைக்குள் வளர்ந்த தலைமுறை இன்றைக்கு மோட்டார் சைக்கிளில் போய், காலையில் பாணும், நாலு மணிக்கு ரோல்ஸும், மூன்று தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனியுமாக இருக்கிறது.

மூன்று தலைமுறைக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதில் ஒரு அதிசயம் இருக்கிறது. பெண் பிள்ளைக்கு முட்டைகள் உண்டாவது தாயின் வயிற்றில் இருக்கும்போதே. ஐந்தாம் மாதமளவில் அறுபது எழுபது இலட்சம் வரை இருக்கும், பிறகு குறைந்துகொண்டே போகும். அம்மா பாலம் கடந்த இரவில் நீங்கள் அவவின் வயிற்றில், உங்களுக்குள் இன்றைக்கு உங்கள் பிள்ளையாக வளர்கிற அந்த முட்டை. ஒரே உடம்பில் மூன்று தலைமுறை நடந்திருக்கிறது. அதனால் பேரப்பிள்ளையில் ஏதாவது மாற்றம் தெரிந்தாலும் அது வழிவழியாக வந்தது என்று சொல்லிவிட முடியாது, அந்த முட்டையும் நேரடியாகத்தான் அந்தக் காலத்தைக் கண்டது. உண்மையாகவே பரம்பரையாய்ப் போகிறது என்று நிரூபிக்கப் பூட்டப்பிள்ளை வரை பார்க்க வேண்டும். மனிதரில் அதற்கு உறுதியான சான்று இல்லை. எலிகளில் சில உண்டு, ஆனால் எலியின் கதையை மனிதருக்கு அப்படியே எடுத்துவர முடியாது.

அதற்கு மேல், அறுவடை முடிந்து அடுத்த போகத்துக்கு உழும்போது பழைய வாய்க்காலும் மறித்த மண்ணும் எப்படி ஒன்றாகிப் போகுமோ, அதேபோல முட்டையும் விந்தும் உருவாகும்போது ஒரு தடவையும், கருத்தரித்த முதல் நாட்களில் இன்னொரு தடவையும் இந்த மெதைல் குறிகளில் பெரும்பகுதி அழிக்கப்பட்டுப் புதிதாய் எழுதப்படுகிறது. ஐஜிஎஃப்2 மாதிரிச் சில இடங்கள் கருத்தரித்தபின் நடக்கும் அந்த இரண்டாவது உழவில் தப்பிவிடுகின்றன, எல்லாமே தப்பிவிடும் என்று நினைப்பது சரியில்லை. யூத இன அழிப்பில் தப்பியவர்களின் பிள்ளைகளில் மன அழுத்தத்தோடு தொடர்புள்ள ஒரு மரபணுவில் மாற்றம் கண்டதாக 2015இல் வந்த ஆய்வைத்தான் உங்கள் வீடியோவும் சொல்லியிருக்கும் என்று நினைக்கிறேன். அதில் இருந்தது தப்பியவர்கள் 32 பேரும் அவர்களின் பிள்ளைகள் 22 பேரும். கவனித்துப் பார்க்க வேண்டிய தொடக்கம், சரி. இன்னொரு நாட்டில் ஒரு தாய் ராத்திரி நித்திரையில்லாமல் அழுவதற்கு அது போதாது.

போரின் பாரம் பிள்ளைகளுக்குப் போவதில்லை என்று நான் சொல்லவில்லை. போகிறது. காணாமல் போனவர்களின் படம் மாட்டிய வீட்டில், ஹெலிச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் திடுக்கிடும் அம்மாவோடு வளர்கிற பிள்ளைக்கு அந்தப் பயம் தெரியாமலா இருக்கும். அது மடியாலும் குரலாலும் கடத்தப்படுகிறது. ஆற்றக்கூடியதும் அதே மடியால்தான்.

மச்சானைக் கட்டியது பற்றி நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள், பயம் இருக்கும். உங்கள் அம்மம்மாதான் அவருடைய அப்பம்மா. சொந்த மச்சான் மச்சாளுக்கு மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கு பொதுவாக இருக்கும். இதனால் சலரோகம் இரட்டிப்பாகும் என்பதில்லை. கவனிக்க வேண்டியது, இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே பிழையான பிரதி வந்தால் மட்டும் வெளிப்படும் வருத்தங்களை, தலசீமியா என்ற இரத்த வருத்தம் மாதிரி. யாரோ எவரோ கட்டினாலும் 100 பிள்ளைகளில் 2 அல்லது 3 பேருக்குப் பிறவிக் கோளாறு ஏதாவது இருக்கும், சொந்த மச்சான் என்றால் அது 4 முதல் 6 வரை போகும். மிச்ச 94க்கு மேல் நல்லபடியாகப் பிறக்கிற பிள்ளைகள். கட்டியாயிற்று, நல்ல மனுஷன் என்றால் சந்தோஷமாய் இருங்கள். கிளினிக்கில் எடுத்த உங்கள் முழு இரத்தப் பரிசோதனையில் செங்குருதிக் கலங்களின் அளவு சிறிதாக இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். இரும்புச்சத்துக் குறைவாலும் அப்படி வரும், தலசீமியாக் காவியாக, அதாவது வருத்தம் இல்லாமல் பிழையான பிரதி ஒன்றை மட்டும் சுமப்பவராக, இருந்தாலும் வரும், எது என்று பிரித்துப் பார்க்கலாம். கணவரும் இந்தக் கிழமையே அதே பரிசோதனையைச் செய்யட்டும். இருவரும் காவியாக இருந்தால்தான் நாலில் ஒரு வாய்ப்பு என்ற கதையே வரும். வீட்டில் சின்ன வயதில் காரணம் தெரியாமல் இறந்த பிள்ளைகள், காது கேளாமல் பிறந்தவர்கள் இருந்தால் அதையும் டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வெட்கப்பட எதுவும் இல்லை.

இப்போது நீங்கள் கேட்காமல் விட்டது. உங்களுடைய சீனி அளவு.

அமெரிக்காவின் அரிசோனாவில் பீமா என்ற பழங்குடி மக்கள், சலரோகம் மிக அதிகமாக உள்ளவர்கள். அங்கே ஒரே தாய் தகப்பனின் பிள்ளைகளை எடுத்து, தாய்க்குச் சலரோகம் வருவதற்கு முன் பிறந்தவர்களையும் வந்த பிறகு பிறந்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2000இல் வந்தது. ஒரே பெற்றோரின் மரபணு, ஒரே சமையல். ஆனால் தாயின் சீனி கூடியபின் பிறந்த பிள்ளைக்கு வாய்ப்பு 3.7 மடங்கு. தகப்பனின் சலரோகத்துக்கு முன்பின் பிறந்ததில் இப்படி ஒரு வேறுபாடு இல்லை. என்ன நடக்கிறதென்றால், தாயின் இரத்தத்திலுள்ள குளுக்கோசு நச்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகிறது, தாயின் இன்சுலின் தாண்டுவதில்லை. பிள்ளை தன் சின்னக் கணையத்தை வைத்து அவ்வளவு சீனிக்கும் தானே இன்சுலின் சுரக்க வேண்டியிருக்கிறது, கொழுப்புச் சேர்கிறது, அந்தப் பழக்கத்தோடு பிறக்கிறது. அப்பாவின் மரபணுவை என்னால் மாற்ற முடியாது, 95ஐ யாராலும் மாற்ற முடியாது. இது ஒன்று மாற்றக்கூடியது, அதுவும் இந்த ஆறு மாதத்துக்குள்.

உங்களுக்குக் கர்ப்பகாலச் சலரோகம் வரும் வாய்ப்புக் கூடுதல். தகப்பனுக்கு இருக்கிறது, நீங்களே நிறை குறைந்து பிறந்தவர், போதாததற்கு எங்கள் உடம்பு வாகு. இந்தியாவின் புனேயில் யாஜ்னிக் என்ற மருத்துவரின் குழு 2003இல் அங்கே பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுதாம்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டது. 2.7 கிலோவுக்கும் 3.5 கிலோவுக்கும் போல இடைவெளி. தசை குறைவு, கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்க்க மெலிவு, உள்ளே கொழுப்பு. எங்கள் பிள்ளைகளும் பெரும்பாலும் அந்த வாகுதான். ஆகவே மெல்லிசாய்த்தானே இருக்கிறேன் என்று இருந்துவிடாதீர்கள். முதல் கிளினிக்கில் சீனி பார்த்தார்களா என்று கொப்பியைத் திறந்து பாருங்கள், இல்லையென்றால் நாளைக்கே குடும்பநல மாதுவிடம் கேட்டுச் செய்விக்க வேண்டும். நல்லாய் வந்தாலும் 24க்கும் 28க்கும் இடைப்பட்ட கிழமைகளில் 75 கிராம் குளுக்கோசு குடித்துச் செய்யும் பரிசோதனையைத் தவறவிடக்கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2013இல் சொன்ன அளவு, டெசிலீற்றருக்கு மில்லிகிராம் கணக்கில், வெறும் வயிற்றில் 92, ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153. இதில் ஒன்றைத் தொட்டாலும் கவனிக்க வேண்டும். குமட்டுகிறது என்று இடையில் எழும்பி வந்துவிடுகிற பிள்ளைகள் நிறையப் பேர், நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். கூடுதலாக வந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை, அநேகம் பேருக்குச் சாப்பாட்டு மாற்றமே போதும், சிலருக்குக் குளிசை அல்லது இன்சுலின். இன்சுலின் பிள்ளைக்குப் போகாது என்று மேலே சொன்னேன்தானே.

சாப்பாட்டில், இரண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடு என்று மாமியார் வற்புறுத்துவா, அன்பில்தான், ஆனால் கேட்காதீர்கள். இராத்திரி பத்து இடியப்பம் சாப்பிடுகிற இடத்தில் நாலும், கூட ஒரு முட்டையோ மீனோ பருப்போ, முருங்கையிலைச் சொதியும். புட்டு என்றால் குரக்கன் மாவிலோ சிவப்பரிசி மாவிலோ, அதுவும் அளவாக. குரக்கன் என்றால் சீனி ஏறாது என்று நினைத்து மலையாய்க் குவித்துச் சாப்பிடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். வீடு சுத்த சைவம் என்றால் பி12 குறைவாக இருக்கக்கூடும், பாலும் தயிரும் தினமும் வேண்டும், பி12 அளவைப் பார்க்கச் சொல்லி டொக்டரிடம் கேளுங்கள். ஏனென்றால் அந்த மெதைல் மண்ணை உடம்பு எடுப்பது ஃபோலிக் அமிலமும் பி12உம் சேர்ந்து செய்யும் வேலையால்தான். புனேயிலேயே 2008இல், பி12 குறைவாகவும் ஃபோலேட் என்ற அதே ஃபோலிக் அமிலச் சத்துக் கூடுதலாகவும் இருந்த தாய்மாரின் பிள்ளைகளிடம் ஆறு வயதில் இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலை கூடுதலாகத் தெரிந்தது. கிளினிக்கில் தருகிற ஃபோலிக் அமிலத்தை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள், எபிஜெனெட்டிக்ஸுக்கு நல்லது என்று இணையத்தில் விற்கும் விற்றமின் போத்தல்களை அதற்கு மேல் சேர்க்கவும் வேண்டாம். கிளினிக்கில் வேறு காரணம் சொல்லாவிட்டால் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம் கணவரோடு நடவுங்கள். அவருக்கும் அது மருந்து, தகப்பனுக்குச் சலரோகம் உள்ளவர்தானே. சென்னையில் 531 பேரை வைத்துச் செய்து 2006இல் வெளிவந்த ஆய்வில், சீனி அளவு சலரோகத்தின் எல்லையில் நின்றவர்களுக்கு நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் மட்டுமே மூன்று வருடத்தில் சலரோகம் வருவதை 28.5 வீதம் குறைத்தது. எங்கள் உடம்பு வாகு, எங்கள் சோறுகறி உள்ள சனத்தில் கிடைத்த கணக்கு என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை அதிகம்.

பிள்ளை பிறந்த பிறகு ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். நிறை கொஞ்சம் குறைவாகப் பிறந்தாலும், கிடுகிடுவெனக் கொழுக்க வைக்கிறோம் என்று மா கரைத்துக் கொடுக்க வேண்டாம். லெனின்கிராட்டையும் ஒல்லாந்தையும் நினைவில் வைத்திருங்கள்.

கடைசியாக ஒன்று. கடிதத்தில் அம்மாவின் அண்ணாவுக்குச் சலரோகம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அம்மாவுக்கும் வாய்ப்பு உண்டு. அவவுக்கு யாராவது சீனி பார்த்தார்களா? இந்த வயதுப் பெண்கள் மற்றவர்களின் கொப்பியைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக் கிளினிக்காய் அலைவார்கள், தங்களுக்கென்று ஒரு கொப்பி போடமாட்டார்கள். அடுத்த தடவை நீங்கள் போகும்போது அவவையும் வெறும் வயிற்றோடு கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, அவவின் அளவையும் உங்களுடையதையும் சேர்த்து எனக்கு எழுதி அனுப்புங்கள்.